பிடித்துக்கொண்ட போல்ட்டைக் கழற்றுவது எப்படி: பழைய படகு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர் காட்பாடிப் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், ஆயில் இஞ்சின், கரும்பு ஆலை ரோலர் என்று வருவதைப் பார்ப்பேன். சில வருஷம் முன்பு காவேரிப்பாக்கம் பக்கம் ஏரி மீன் குத்தகை எடுத்திருந்த ஒருவர், பழவேற்காட்டில் ஒரு பழைய ஃபைபர் படகை மலிவாக வாங்கி, 407 வண்டியில் ஏற்றி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த முனையில் சிவப்புத் துணி கட்டிக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினார். கூடவே படகின் பின்பலகையில் மாட்டும் ஒரு அவுட்போர்டு மோட்டார். உப்புத் தண்ணீரில் ஊறிய படகு அது, ஒரு நட்டும் திரும்பவில்லை. அதோடு மல்லுக்கட்டிய பிறகு, ஏரிப் படகு வைத்திருப்பவர்கள் எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

வேலூரில் ஏது கடல்? படகைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

நியாயமான கேள்விதான். பாலாற்றிலேயே தண்ணீரைப் பார்ப்பது அபூர்வம். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்தது. ஆனால் பழைய வட ஆற்காடு ஏரிகளின் சீமை. காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. ஏலகிரி மேல் புங்கனூர் ஏரியில் பெடல் படகு ஓடுகிறது. மீன் குத்தகைக்காரர்கள் ஆளுக்கொரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, உப்பு நமக்குப் புதிது இல்லை. தோலைப் பதப்படுத்த முதலில் உப்புதான் போடுகிறார்கள். அந்தக் கழிவு பாலாற்றங்கரை நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996-இல் பெரிய தீர்ப்பு சொன்னது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கக் கிணறுகளில் இறக்கிய பைப்பைக் கழற்றிய எந்த ஃபிட்டருக்கும் கடல் படகு அந்நியமாகத் தெரியாது. கிணறோ படகோ, நட்டு ஒரே மாதிரிதான் பிடித்துக்கொள்கிறது.

போல்ட் ஏன் பிடித்துக்கொள்கிறது? துருதானே?

எல்லாம் துரு இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பவர்கள்தான் போல்ட்டை உடைக்கிறார்கள்.

இரும்பு போல்ட், இரும்பு நட்டு என்றால் துரு. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் ஊதிவிடும். போல்ட்டைச் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கும் மரைக்குள் இருக்கும் இடைவெளியோ மயிரிழைக்கும் குறைவு. ஊதிய துருவுக்குப் போக இடமில்லாததால் இரண்டு பக்கத்தையும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். இங்கே எண்ணெய் வேலை செய்யும், சூடும் வேலை செய்யும்.

அலுமினியத்துக்குள் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் என்றால் கதை வேறு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். கரைந்தது வெள்ளை மாவாக மரையை அடைத்து, காய்ந்து சிமென்ட் மாதிரி இறுகிவிடும். அவுட்போர்டு மோட்டாரில் பாதித் தொல்லை இதுதான். எண்ணெய் இதற்குள் சுலபமாக இறங்காது.

மூன்றாவது, எஸ்எஸ் போல்ட்டில் எஸ்எஸ் நட்டு. இது புதிதாக இருக்கும்போதே பிடிக்கும். எண்ணெய் தடவாமல் வேகமாக முடுக்கினால் மரையின் மேல்தோல் உரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பட்டறையில் இதைக் 'கடிச்சுக்கிச்சு' என்போம். கடித்தபின் எந்த எண்ணெயும் உதவாது. அறுத்து எடுக்க வேண்டியதுதான்.

மிச்சமெல்லாம் சில்லறை: பழைய பெயிண்ட், காய்ந்த கிரீஸ், ஃபைபர்காரர் ஊற்றிய ரெசின், படகுக்குப் பூசிய பசை. போல்ட் பிடித்திருக்கவே இருக்காது, ஒட்டியிருக்கும். ஒரு பிளேடால் சுற்றிக் கீறினாலே பாதி வேலை முடியும்.

எந்த உலோகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காந்தம் ஒன்று பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரும்பில் பச்சக்கென்று ஒட்டும். நல்ல எஸ்எஸ்-இல் ஒட்டாது, அல்லது லேசாக இழுக்கும். அலுமினியம், பித்தளை, கன்மெட்டல் எதிலும் ஒட்டாது. அதன்பின் அரத்தால் மூலையில் ஒரு கீறு. நிறம் சொல்லிவிடும்.

பித்தளையில் ஒரு எச்சரிக்கை. கீறிய இடம் மஞ்சளாக இல்லாமல் செம்பு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அதிலிருந்த துத்தநாகம் உப்புத் தண்ணீரில் கரைந்து போய், மிச்சம் இருப்பது பஞ்சு மாதிரி செம்பு மட்டும். பார்க்க முழுசாக இருக்கும், ஸ்பேனர் வைத்தால் ரஸ்க் மாதிரி உடையும். அதைக் கழற்றுவதாக நினைக்காமல் மாற்றுவதாகவே நினைத்து வேலையை ஆரம்பியுங்கள்.

எந்த எண்ணெய் நல்லது? டபிள்யூடி-40 போதாதா?

அது 1953-இல் தண்ணீரை விரட்டுவதற்காகச் செய்தது. பெயரிலேயே அதுதான் இருக்கிறது: டபிள்யூடி என்றால் வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், 40 என்பது நாற்பதாவது முயற்சி. லேசாகப் பிடித்ததற்கு உதவும். நாட்பட்ட துருவுக்கு, 'பெனிட்ரேட்டிங் ஆயில்' என்று கேட்டு வாங்கும் ஸ்பிரே அதைவிட மேல். லாங் பஜார் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும்.

நான் பட்டறையில் வைத்திருப்பது ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊற்றுவது) அசிட்டோனும் சரிபாதி கலந்தது. உலகம் முழுக்க மெக்கானிக்குகள் கலக்கும் பழைய சரக்கு. அசிட்டோன் தண்ணியாக இருப்பதால் மரைக்குள் ஆயிலை இழுத்துக்கொண்டு போய்விட்டுத் தான் ஆவியாகிவிடும். இரண்டும் ஒட்டாது, ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் விட வேண்டும். தீப்பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். பிளாஸ்டிக், பெயிண்ட் மேல் பட்டால் தின்றுவிடும். ஃபைபர் படகில் சொட்டு சொட்டாக, கீழே துணி வைத்து விடுங்கள்.

கையில் ஒன்றும் இல்லையென்றால் டீசல். கிணற்று மேட்டில் எங்கள் மேஸ்திரி வேறு எதையும் தொட்டதே இல்லை. மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் செய்யும்.

எண்ணெய் விட்டு எவ்வளவு நேரம் காத்திருப்பது?

பிடித்தது பத்து வருஷம். பத்து நிமிஷத்தில் விடுமா? காலையும் மாலையும் விட்டு, மூன்று நாள். சித்திரை வெயிலில் நாற்பது டிகிரிக்கு மேல் போகும் ஊர் இது. பகலில் விட்டால் உள்ளே இறங்கும் முன்பே காய்ந்துவிடும். அதனால் சாயங்காலம் விடுவதுதான் கணக்கு. ஒவ்வொரு முறையும் விடும் முன் வயர் பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்யுங்கள். அழுக்கின் மேல் விட்ட எண்ணெய் அழுக்கோடு நின்றுவிடும்.

விட்டபின் போல்ட் தலையில் சின்னச் சுத்தியால் டக் டக்கென்று இருபது முப்பது தட்டு. பலமாக அடிக்க வேண்டாம், கதவைத் தட்டுவது மாதிரி. அந்த அதிர்வில் துரு நுணுங்கி எண்ணெய்க்கு வழி விடும்.

சரி, ஸ்பேனர் போடுகிறேன். எப்படித் திருப்புவது?

முதலில் முடுக்குங்கள். ஆமாம், முடுக்கும் திசையில்தான். கழற்றும் பக்கத்தில் துரு குவிந்து இறுகியிருக்கும். முடுக்கும் பக்கம் அரைக்கால் சுற்று அசைந்தாலும் போதும், அந்தப் பிடி உடைந்துவிடும். பிறகு கழற்றும் பக்கம் கொஞ்சம், திரும்ப முடுக்கும் பக்கம் கொஞ்சம், நடுவில் ஒரு சொட்டு எண்ணெய். கிரீச்சென்று சத்தம் வந்தால் நல்ல சகுனம். சத்தமே இல்லாமல் மெழுகு மாதிரி குழைந்து திரும்புகிறதா? உடனே நிறுத்துங்கள். நட்டு திரும்பவில்லை, போல்ட்டின் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது.

நான் வேலை பழகிய காலத்தில் ஒரு கிணற்றில் பம்ப் ஃபிளாஞ்ச் நட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். மேலே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி, "இன்னாடா, நட்ட கழட்றியா, கெணத்துல குதிக்கப் போறியா?" என்றார். இறங்கி வந்தார். ஸ்பேனரை மாட்டினார், இடது உள்ளங்கையால் தலையை அமுக்கிப் பிடித்தார், வலது கையால் கைப்பிடியின் நுனியைச் சுத்தியால் சின்னதாக ஒரு தட்டு. நட்டு அசைந்தது. இழுத்துப் பிடிக்கும் பலத்தை விட அந்தச் சின்ன அடிதான் பிடியை விடுவிக்கும் என்று அன்று கையால் தெரிந்துகொண்டேன்.

வாய் திறந்த ஸ்பேனரை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். ஆறு மூலை பாக்ஸ், அது இல்லையென்றால் ரிங். அளவு சரியாக உட்கார வேண்டும். அரை இன்ச் என்றால் 12.7 மில்லி. அதன் மேல் 13 ஸ்பேனர் ஏறிவிடும், ஆனால் கொஞ்சம் ஆடும், அந்த ஆட்டத்தில் மூலை உருளும். பழைய ஆயில் இஞ்சின்களில் பெரும்பாலும் இன்ச் கணக்குதான்.

பெடல் படகில் ஒரு பக்கம் பெடல் மட்டும் கழலவே மாட்டேன் என்கிறது.

இடது பக்கமா? அதுதான் விஷயம். இந்தப் படகுகள் பலவற்றில் போட்டிருப்பது சைக்கிள் பெடல். சைக்கிளில் இடது பெடல் இடது மரை. மிதிக்கும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். நாம் கழற்றுவதாக நினைத்து முடுக்கிக்கொண்டிருப்போம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மலைமேல் ஒரு படகில் நானே இதில் ஒரு மத்தியானம் முழுக்க மாட்டிக்கொண்டேன். ஸ்பேனர் மேல் மூன்றடி பைப் மாட்டி இரண்டு பேர் தொங்கினோம். டீ வாங்கி வந்த பையன், பத்தாவது படிப்பவன், "அண்ணா, சைக்கிள்ல இது உல்டாதானே?" என்றான். அதற்குள் நாங்கள் அதை எவ்வளவு முடுக்கிவிட்டிருந்தோம் என்றால், சரியான திசையில் கழற்றவும் அதே பைப்பும் அதே இரண்டு பேரும் வேண்டியிருந்தது.

கேஸ் வைத்துச் சூடு காட்டலாமா?

காட்டலாம், ஆனால் எங்கே என்று தெரிந்து காட்ட வேண்டும். சூடு வேலை செய்வது இரண்டு உலோகமும் ஒரே அளவு விரியாததால். பத்து மில்லி துளையுள்ள அலுமினியத்தை நூறு டிகிரி ஏற்றினால் துளை 0.023 மில்லி பெரிசாகும். அதே சூட்டில் இரும்பு போல்ட் 0.012 மில்லிதான் பருக்கும். வித்தியாசம் ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், மரைக்குள் அது பெரிய வாசல். எஸ்எஸ் இரும்பை விட அதிகம் விரியும், அதனால் அலுமினியத்தில் எஸ்எஸ் போல்ட் என்றால் வாசல் இன்னும் குறுகல்.

ஆகவே சூடு வெளிப் பக்கத்துக்கு. நட்டை, போல்ட் ஏறியிருக்கும் ஹவுசிங்கைச் சுற்றி. போல்ட்டையே சூடாக்கினால் அதுதான் பருத்து இன்னும் இறுகும். பிறகு ஆறவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள். ஒரே தடவை பழுக்கக் காய்ச்சுவதை விட, நாலு தடவை ஏற்றி இறக்குவது நல்லது. சூடாக இருக்கும்போதே மரை வாயில் மெழுகுவத்தியை வைத்தால் உருகி உள்ளே ஓடும். மெழுகு எண்ணெயை விட நன்றாக இறங்கிய நாட்கள் உண்டு.

அலுமினியத்தில் ஒரு பெரிய ஆபத்து: அது இரும்பு மாதிரி சிவக்காது. சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகும், அதுவரை வெள்ளையாகவே இருந்துவிட்டுத் திடீரென்று சொட்டும். அதனால் கேஸ் டார்ச்சுக்குப் பதில் சூடான காற்று ஊதும் ஹீட் கன். எவ்வளவு சூடு போதும் என்பதற்கு வீட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்போமே, சொட்டு உருண்டு தெறித்து ஓடினால் போதும், அதற்கு மேல் வேண்டாம். பக்கத்தில் ஆயில் சீல், ரப்பர் புஷ் இருந்தால் அந்தச் சூடே அதிகம்.

ஃபைபரில் பூட்டிய போல்ட்டுக்கு நெருப்பு கூடாது. ரெசின் அறுபது எழுபது டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், அதன் பின் எரியும். அங்கே சாலிடரிங் அயர்ன்தான் சரி. நல்ல பெரிய அயர்னை போல்ட் தலையில் ஐந்து பத்து நிமிஷம் அழுத்தி வைத்தால் சூடு போல்ட்டுக்குள் மட்டும் இறங்கும். சுற்றியிருக்கும் பழைய பசை இளகி விடும். மரப் படகில் பித்தளைத் திருகு எடுக்கவும் இதே வழி.

பெட்ரோல் டாங்க் பக்கத்தில் இருந்தால் அதை இறக்கித் தள்ளி வைத்துவிட்டுத்தான் எதையும் பற்ற வைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம், படகின் அடியில் போய் உட்கார்ந்திருக்கும். மேலே நிற்பவர் மூக்குக்குத் தெரியாமலே போகலாம். ஜிஐ போல்ட்டை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு போல்ட்டை, காய்ச்சினால் வரும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுக்காதீர்கள், ராத்திரி குளிர்ஜுரம் வரும்.

அவுட்போர்டு மோட்டாரில் கியர் பெட்டி போல்ட் வரவில்லை. நீங்கள் எப்படி எடுத்தீர்கள்?

அந்தப் பழவேற்காட்டு மோட்டாரில் நாலு போல்ட் மூன்று நாளில் வந்தன. முதல் நாள் தலையைச் சுற்றியிருந்த வெள்ளைப் பொடியை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, குண்டானில் கொதித்த தண்ணீரை ஊற்றினேன். எண்ணெய் அல்ல, வெந்நீர்தான். உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். கடலில் இருந்த எந்தப் பொருளுக்கும் முதல் மருந்து நல்ல தண்ணீர். காய்ந்தபின் ராத்திரி எண்ணெய். மறுநாள் ஹீட் கன்னால் ஹவுசிங்கைச் சூடாக்கித் தட்டு, எண்ணெய். மூன்றாம் நாள் காலை முதல் போல்ட் 'டிக்' என்றது.

ஐந்தாவது உடைந்தது. என் தப்புதான். நாலு வந்த சந்தோஷத்தில் கொஞ்சம் அவசரம். நல்ல காலம், நாலு மில்லி வெளியே நீட்டிக்கொண்டு உடைந்தது. அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள் வெல்டு வைத்து நிரப்பினேன். வெல்டிங் சூட்டில் உடைந்த துண்டு முதலில் பருத்து, ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் வெள்ளை மாவு நொறுங்கிவிடுகிறது. கை வைக்கும் சூடு வந்ததும் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினேன். வந்துவிட்டது. நுனி மரை நெடுக வெள்ளையாக, மைதா தோய்த்த மாதிரி. அதை ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன், வேலை பழக வரும் பையன்களுக்குக் காட்ட.

வெல்டு வைப்பவர் எர்த் கிளிப்பை எங்கே மாட்டுகிறார் என்று பாருங்கள். நட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்க வேண்டும். கிளிப் எங்கோ இருந்தால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங்.

நட்டு மூலை உருண்டுவிட்டது. இனி?

அடுத்த சின்ன அளவு பாக்ஸைச் சுத்தியால் அடித்து ஏற்றிப் பாருங்கள். இல்லையென்றால் அரத்தால் இரண்டு பக்கம் தேய்த்துத் தட்டையாக்கி பைப் ரெஞ்ச். அதுவும் வழுக்கினால் நட்டைப் பிளந்துவிடுவதே மேல். கூர்மையான உளியை நட்டின் ஒரு பட்டையில் வைத்து அடித்தால் நட்டு விரிந்து விட்டுவிடும். நட்டு பத்து ரூபாய்ப் பொருள். அதைக் காப்பாற்றப் போய், அது ஏறியிருக்கும் ஸ்டட்டை (தலையில்லாத போல்ட்டை) உடைத்தால் முழு வேலை.

திருகுக்குத் தலையில் கோடு தேய்ந்துவிட்டால் கையால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் வாங்குங்கள். சுத்தியால் அடிக்க அடிக்க அழுத்தமும் கொடுக்கும், திருப்பியும் விடும். படகு வேலைக்கு இதைப் போல உதவியது எனக்கு வேறில்லை.

போல்ட் உள்ளேயே உடைந்து நிற்கிறது, வெளியே ஒன்றும் இல்லை.

நடுவில் சென்டர் பஞ்ச் சரியாக வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உடைந்த முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். முதலில் தட்டையாக்குங்கள். அரை மில்லி தள்ளிப் போனால் டிரில் பிட் அலுமினியப் பக்கம் சாய்ந்துவிடும், ஏனென்றால் அதுதான் மெத்தென்று இருக்கும். சின்ன பிட், பிறகு கொஞ்சம் பெரிசு. எஸ்எஸ் என்றால் மெதுவான வேகம், நல்ல அழுத்தம், எண்ணெய். வேகமாக ஓட்டித் தேய்த்தால் எஸ்எஸ் கெட்டியாகிவிடும், பிறகு எந்த பிட்டும் ஏறாது. இடது பக்கம் சுற்றும் பிட் கிடைத்தால் அதைப் போடுங்கள், துளைக்கும்போதே துண்டு சுற்றிக்கொண்டு வெளியே வந்த நாள் உண்டு.

உடைந்த துண்டில் துளையிட்டு, உள்ளே திருகி எடுக்க ஈஸி அவுட் என்று விற்பதைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். அது கண்ணாடி மாதிரிக் கடினம். உள்ளே உடைந்தால் அதைச் சாதாரண டிரில் எதுவும் துளைக்காது. போல்ட்டே கழுத்து உடையும் அளவுக்குப் பிடித்திருந்தபோது, அதைவிட மெல்லிய ஈஸி அவுட் என்ன செய்துவிடப் போகிறது?

ஒன்றும் ஆகவில்லை என்றால் மரை அளவுக்கே துளைத்துவிடலாம். 8 மில்லி போல்ட்டுக்கு 6.8 பிட், 10-க்கு 8.5, 6-க்கு 5. ஓரத்தில் மிச்சமிருக்கும் பழைய மரைச் சுருளைக் குறட்டால் சுரண்டி எடுத்து, மரை வெட்டும் டேப் ஓட்டினால் பழைய மரையே கிடைக்கும். தவறிப் போனால் ஹெலிகாயில் போடுங்கள், கெட்ட மரைக்குப் பதிலாக உள்ளே ஏற்றும் கம்பிச் சுருள் அது. அலுமினியத்தில் அது முதல் மரையை விடப் பலமாகக்கூட இருக்கும்.

வெளியே பளபளவென்று இருக்கும் எஸ்எஸ் போல்ட்டையும் கழற்றிப் பார்க்க வேண்டுமா?

மோட்டார் மாட்டும் பின்பலகையில் கட்டாயம். ஃபைபருக்குள் ஒட்டுப்பலகை இருக்கும், அது ஈரம் குடித்திருக்கும். எஸ்எஸ் துருப்பிடிக்காமல் இருப்பதே காற்று படுவதால். காற்றில்லாத ஈர மரத்துக்குள் அதன் மேல்தோல் அழிந்து நடுவில் மெலிந்துவிடும். இரண்டு தலையும் பளபளக்க, இடுப்பு எலி கடித்த கரும்பு மாதிரி இருந்த ஒன்றை நானே எடுத்திருக்கிறேன். மோட்டார் மொத்தமும் தொங்குவது அதில்தான்.

படகின் அடியில் இருக்கும் தண்ணீர் வால்வு திரும்பவில்லை.

இது இஞ்சின் உள்ளே பொருத்திய படகுகளுக்கு. படகு தண்ணீரில் இருக்கும்போது அந்த வால்வைத் தொடவே கூடாது. கரையேற்றிவிட்டுத்தான். உடைந்தால் விரல் தடிமன் ஓட்டை வழியாக ஏரி உள்ளே வரும். கைப்பிடியில் பைப் மாட்டி நெம்பாதீர்கள், வால்வின் உடலைச் சூடாக்கி முன்னும் பின்னும் நூலளவு அசைத்துப் பாருங்கள். சரியான அளவில் ஒரு மர ஆப்பு செதுக்கி, கயிற்றால் வால்வின் பக்கத்திலேயே கட்டி வைப்பது மீனவர்களின் பழைய பழக்கம். விடாதீர்கள்.

கோலா ஊற்றினால் விடுமாமே? வினிகர்?

கோலாவில் கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம் உண்டு, துருவை லேசாகத் தின்னும். மிச்சமெல்லாம் சர்க்கரை, எறும்பு வரும். வினிகர் சுண்ணாம்புப் படிவுக்கு நல்லது. நம்மூர் போர் தண்ணீரில் ஓடிய கூலிங் பைப், வால்வு இதெல்லாம் அடைத்திருந்தால் ஒரு ராத்திரி ஊறவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். அலுமினியத்தில் வேண்டாம். பித்தளைக்குக் குத்துவிளக்கு விளக்கும் புளியே போதும். மேல் களிம்பு போனால் எங்கே மரை, எங்கே வெடிப்பு என்று கண்ணுக்குத் தெரியும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை எஸ்எஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பொத்தல் விழும்.

இஞ்சினே சுற்றவில்லை. பிஸ்டன் பிடித்துவிட்டது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நான் சொன்ன ஏடிஎஃப் கலவையையோ டீசலையோ ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீ கிளாஸ் அளவு ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு ஃபிளைவீலைக் கையால் இருபக்கமும் அசையுங்கள். செல்ஃப் மோட்டாரைத் தொடாதீர்கள், கயிறு இழுத்தும் பார்க்காதீர்கள். சுற்ற ஆரம்பித்ததும் பிளக் ஓட்டை வழியாக ஊற்றியதெல்லாம் பீச்சி அடிக்கும், முகத்தை அங்கே வைக்காதீர்கள். பிளக் மாட்டும் முன் முழுக்க வடித்துவிடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது என்ன தடவ வேண்டும்?

கழற்றியபோது பட்ட பாடு ஞாபகம் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

இரும்போடு இரும்பு என்றால் சாதாரண கிரீஸே போதும். எஸ்எஸ்-ஓடு எஸ்எஸ் என்றால் மரை பிடிக்காமல் இருக்கத் தடவும் ஆன்டி-சீஸ் பசை, மெதுவாகக் கையால் முடுக்குவது. அலுமினியத்துக்குள் எஸ்எஸ் போகும் இடத்தில் செம்புப் பொடி கலந்த பசை வேண்டாம், அது இன்னொரு பேட்டரி. லானோலின் தடவுங்கள். ஆட்டு ரோமத்தில் இருந்து எடுக்கும் கொழுப்பு அது, தண்ணீரில் கரையாது. ஆட்டுத் தோலில் பிழைக்கும் நம் ஊருக்கு ஆட்டின் ரோமமும் உதவுகிறது. போல்ட் தலைக்கடியில் நைலான் வாஷர் வைத்தால் தலையும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளாது.

பசை தடவிய மரை வழவழவென்று போகும். உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவுக்கே முடுக்கினால் போல்ட் தேவைக்கு மேல் இழுபடும். கால் பங்கு குறைத்தே நிறுத்துங்கள்.

கடலில் இருந்து ஏரிக்கு வந்த மோட்டார் என்றால் அதன் ஆனோடைப் பாருங்கள். மோட்டார் உடம்புக்குப் பதிலாகக் கரைந்து போவதற்காகவே மாட்டியிருக்கும் சாம்பல் நிறக் கட்டி அது. கடலுக்குத் துத்தநாகம். ஏரித் தண்ணீரில் துத்தநாகத்தின் மேல் வெள்ளைப் பக்கு படிந்து வேலையே செய்யாது. நல்ல தண்ணீருக்கு மக்னீசியம். இந்தக் கட்டிக்குப் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். அழகாக இருக்கட்டும் என்று அடித்துக்கொண்டு வந்தவர் இருக்கிறார்.

எவ்வளவு முயன்றும் வரவில்லை. விட்டுவிடலாமா?

அது எதைப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்டியரிங், மோட்டார் தாங்கும் போல்ட், அடிப்பலகை வால்வு என்றால் விடக் கூடாது, அறுத்தாவது எடுக்க வேண்டும். அறுப்பதற்கு முன் அதே அளவு புதுசு கையில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அறுத்துவிட்டுக் கடை பூட்டியிருக்கிறது என்று என்னைக் கூப்பிடாதீர்கள்.

ஆனால் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஒரு நட்டை, கழலவில்லை என்ற ரோஷத்துக்காக உடைப்பது வீண். அந்தப் பழவேற்காட்டு மோட்டாரைச் சாய்க்கும் அச்சின் இடது பக்க நட்டு இன்னும் வரவில்லை. அச்சு நன்றாகச் சுற்றுகிறது, கிரீஸ் ஏறுகிறது, ஆட்டம் இல்லை. குத்தகைக்காரர் ஒவ்வொரு கோடையிலும் ஏரி வற்றும்போது படகைக் கரையேற்றிவிட்டு எனக்குச் சொல்லி அனுப்புவார். போய் அதன் மேல் நாலு சொட்டு விட்டு, இருபது தட்டு தட்டிவிட்டு, ஸ்பேனரை ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.